காமா வேலோரம் விண்மீனும் கொடைக்கானல் வானாய்வகமும்: வெப்பமிகு பெருவிண்மீன்களின் எக்ஸ் கதிர் ஆய்வு வரலாற்றில் திண்டுக்கல் நிலப்பகுதியின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

சூரியனைவிடப் பல மடங்கு நிறையும் வெப்பமும் மிக்க விண்மீன்கள் எக்ஸ் கதிர்களை வெளியிடுகின்றன என்பது 1978ஆம் ஆண்டின் இறுதியில் ஐன்ஸ்டைன் செயற்கைக்கோளால் அறியப்பட்டது. இக்கதிர்கள் வளிமண்டலத்தைக் கடந்து தரையை அடைவதில்லை. ஆகவே தரையில் அமைந்த வானாய்வகங்களுக்கு இவ்வரலாற்றில் இடமில்லை என்ற எண்ணம் எளிதில் தோன்றும். இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில் அமைந்துள்ள கொடைக்கானல் வானாய்வகம், காமா-2 வேலோரம் என்னும் இரட்டை விண்மீனின் சுற்றுக்காலத்தை 1967இல் கணித்து வெளியிட்டது. பிற்காலத்தில் அவ்விண்மீனின் எக்ஸ் கதிர் மாற்றங்களைப் பொருள்கொள்வதற்கு அச்சுற்றுப்பாதையே அளவுகோலாயிற்று. 1871 முதல் 2015 வரையிலான இத்தொடர்பை இக்கட்டுரை ஆராய்கிறது. அதில் இந்நிலப்பகுதிக்கு உரிய பங்கின் அளவையும் எல்லையையும் வரையறுக்க முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: கொடைக்கானல் வானாய்வகம், திண்டுக்கல், உல்ஃப்-ராயே விண்மீன், விண்மீன் காற்று, எக்ஸ் கதிர் வானியல், வைணு பாப்பு

முன்னுரை

தமிழகத்தின் அறிவியல் வரலாற்றை எழுதுவோர் கொடைக்கானல் வானாய்வகத்தைப் பெரும்பாலும் இரண்டு செய்திகளோடு நிறுத்திவிடுவர். ஒன்று, அது 1899இல் தொடங்கப்பட்டது என்பது. மற்றொன்று, 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை அங்குக் கண்டறிந்தார் என்பது. இரண்டும் மெய்யே. எனினும், சூரிய ஆய்வுக்கென எழுந்த அந்நிறுவனம் 1960களில் இரவு வானத்தையும் நோக்கியது. அப்போது அது தேர்ந்துகொண்ட விண்மீன்களுள் ஒன்று, பின்னாளில் எக்ஸ் கதிர் வானியலில் முதன்மை பெற்றது. இச்செய்தி உள்ளூர் வரலாறுகளில் இடம்பெறுவது அரிது.

உள்ளூர் வரலாறு எழுதுவதில் இருவகைப் பிழைகள் நேர்கின்றன. தன் ஊருக்கு உரியதை அறியாது விடுவது ஒன்று. உரிமையில்லாததைச் சேர்த்துக்கொள்வது மற்றொன்று. கொடைக்கானல் பொருளில் முதற்பிழை நேர்ந்துள்ளது. அதைத் திருத்தப் புகும்போது இரண்டாம் பிழை நேராதிருக்க வேண்டும். இவ்விரண்டிற்கும் இடையிலான வழியையே இக்கட்டுரை நாடுகிறது.

1. அகலாங்கும் தென்வானமும்

திண்டுக்கல் நகரம் வட அகலாங்கு சுமார் 10 பாகை 22 கலையில் அமைந்துள்ளது. காமா-2 வேலோரம் வான நடுவரைக்குத் தெற்கே 47 பாகைக்குச் சற்று அதிகமான தொலைவில் உள்ளது. எனவே திண்டுக்கல் சமவெளியில் நிற்பவருக்கு அவ்விண்மீன் உச்சமடையும்போது தென்தொடுவானிலிருந்து ஏறத்தாழ 32 பாகை உயரத்தில் தெரியும். மார்ச் மாத முன்னிரவுகளில் நகரின் மலைக்கோட்டைப் பாறையிலிருந்து தெற்கே நோக்குவோர் வெறுங்கண்ணாலேயே இதனைக் காணலாம். அதற்கு வடக்கே, ஏறத்தாழ 40 பாகை உயரத்தில், சீட்டா பப்பிஸ் என்னும் மற்றொரு நீலவெண் விண்மீன் நிற்கும். வெப்பமிகு பெருவிண்மீன்களின் எக்ஸ் கதிர் ஆய்வில் மிகுதியாக எடுத்தாளப்பட்ட பெயர்களுள் இவ்விரண்டும் அடங்கும்.

இதே விண்மீனை ஐரோப்பிய நகரங்களிலிருந்து காண இயலுமா என்பது வரலாற்றுக்கு இன்றியமையாத வினா. பாரிசிலும் இலண்டனிலும் காமா-2 வேலோரம் உதிப்பதே இல்லை. உரோமில் அது தொடுவானிலிருந்து ஒரு பாகைகூட உயர்வதில்லை. அவ்வுயரத்தில் நிறமாலை ஆய்வு செய்ய இயலாது. 1867இல் பாரிசு வானாய்வகத்தைச் சேர்ந்த சார்ல்சு உல்ஃபும் சார்ச்சு ராயேயும் சிக்னசு விண்மீன் குழுவில் மூன்று புதுமையான விண்மீன்களைக் கண்டனர். பெரும்பாலான விண்மீன்களின் நிறமாலையில் கருங்கோடுகள் காணப்பட, இவற்றில் அகன்ற ஒளிர்கோடுகள் காணப்பட்டன. அவ்வகை விண்மீன்கள் இன்று உல்ஃப்-ராயே விண்மீன்கள் எனப்படுகின்றன. அவ்வகையுள் வானில் மிக ஒளிமிக்கது காமா-2 வேலோரமே. ஆயினும் அவ்வகையைக் கண்டறிந்த இருவரும் தம் நகரிலிருந்து அதனைக் கண்டிருக்க முடியாது. தென்னிந்தியாவின் அகலாங்கு இவ்வாறு வரலாற்றுக் காரணியாகிறது.

2. 1871: ஒரே பயணத்தில் இரு ஒளிர்கோடுகள்

1871ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் மேற்குக் கடற்கரையில் பேக்கல் பகுதியில் நுழைந்து, நீலகிரி, புதுக்கோட்டை வழியாக வடஇலங்கைக்குச் சென்றது. நார்மன் லாக்கியர் பேக்கலிலும், பியேர் ழான்சன் நீலகிரியிலும், சென்னை வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன் அவிநாசியிலும், உரோமைச் சேர்ந்த லொரென்சோ ரெசுபிகி புதுக்கோட்டையிலும் நின்று நோக்கினர். அவிநாசியையும் புதுக்கோட்டையையும் இணைக்கும் கோட்டிற்கு அண்மையில் தெற்கே திண்டுக்கல் சமவெளி கிடக்கிறது.

பிளவில்லாத நிறமாலைக் கருவியைக் கொண்டு சூரியனின் ஒளிமகுடத்தை ரெசுபிகி நோக்கினார். கரோனா எனப்படும் அம்மகுடம் தன் பச்சை நிறக் கோட்டில் ஒரு வளையமாகத் தெரிந்தது. அக்கோடு 1869இல் அமெரிக்காவில் முதலில் காணப்பட்டது. அறியப்பட்ட எத்தனிமத்தோடும் பொருந்தாமையால் 'கரோனியம்' என்ற கற்பனைத் தனிமம் புனையப்பட்டது. அதே இந்தியப் பயணத்தில் சென்னையில் ரெசுபிகி காமா-2 வேலோரத்தின் நிறமாலையையும் கண்டார். ஆர்கோ என்னும் பெருங்கப்பல் குழுவில் அது அக்காலத்தில் சேர்க்கப்பட்டிருந்தமையால் 'காமா ஆர்கசு' என வழங்கியது. அதன் நிறமாலையில் ஒளிர்கோடுகள் பளிச்சிட்டன. இச்செய்தி 1872இல் பாரிசு அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் அச்சேறியது.

இவ்விரு நோக்குகளுக்கும் அன்று தொடர்பு ஏதும் காணப்படவில்லை. பிற்கால அறிவியல் அத்தொடர்பை ஏற்படுத்தியது. கரோனாவின் பச்சைக்கோடு 13 எதிர்மின்னிகளை இழந்த இரும்பு அணுவினுடையது எனச் சுவீடன் நாட்டுப் பெங்க்ட் எட்லேன் 1940களின் தொடக்கத்தில் நிறுவினார். அணு அவ்வளவு எதிர்மின்னிகளை இழக்கப் பத்து இலட்சம் பாகைக்கு மேற்பட்ட வெப்பநிலை வேண்டும். அத்தகைய வளிமம் எக்ஸ் கதிரையும் வெளியிடும். காமா-2 வேலோரத்தின் ஒளிர்கோடுகளோ விண்மீனிலிருந்து பெருவிரைவில் வெளியேறும் வளிமத்தின் அடையாளம். அவ்வளிமமே அவ்விண்மீனின் எக்ஸ் கதிர்களுக்கு மூலப்பொருள். 1871இல் புதுக்கோட்டையிலும் சென்னையிலும் காணப்பட்ட இரண்டும், எக்ஸ் கதிர் என்ற சொல்லே பிறவாத காலத்தில் கிடைத்த எக்ஸ் கதிர் மூலங்களின் சுவடுகள் எனலாம்.

இப்பணி ஐரோப்பிய விருந்தினரால் மட்டும் நிகழவில்லை என்பதும் நினைக்கத்தக்கது. சென்னை வானாய்வகத்தில் அக்காலத்தில் முதல் உதவியாளராக விளங்கியவர் சிந்தாமணி இரகுநாதாசாரி. ஒளிமாறு விண்மீனைக் கண்டறிந்தவர். 1874இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்த நிகழ்வை இந்திய மொழிகளில் பொதுமக்களுக்கு விளக்கியவர். இத்தகையோர் இருந்த நிறுவனத்தின் வழித்தோன்றலே கொடைக்கானல் வானாய்வகம்.

3. பஞ்சமும் சூரியனும்: வானாய்வகம் மலையேறிய வரலாறு

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் அரசின் கவனத்தைப் பருவமழையின் பக்கம் திருப்பியது. சூரியப் புள்ளிகளின் ஏற்ற இறக்கத்திற்கும் மழையின் பெருக்கக் குறைவுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அக்காலத்தில் வலுப்பெற்றது. மழையை நம்பி வாழும் திண்டுக்கல் போன்ற வறண்ட சமவெளிகளின் துயரமே, அவற்றின் மேற்கெல்லையாக நிற்கும் பழனிமலைத் தொடரில் ஒரு சூரிய ஆய்வகம் எழுவதற்கு மறைமுகக் காரணமாயிற்று.

சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியராக இருந்து, 1891இல் போக்சன் மறைந்தபின் அரசு வானியலாளரான சார்ல்சு மிச்சி சுமித், நீலகிரியையும் பழனிமலையையும் ஆராய்ந்து கொடைக்கானலைப் பரிந்துரைத்தார். கெல்வின் பிரபு தலைமையிலான குழு 1893இல் அதனை ஏற்றது. 1895இல் ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1899 ஏப்ரல் முதல் நாள் சென்னையின் வானியற் பணி கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. கடல்மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் அமைந்த அவ்விடம் சமவெளியின் தூசிக்கும் வெப்பப் புகைப்படலத்திற்கும் மேலாக இருந்தது.

மலையின் தூய வானத்திற்குச் சமவெளியே வாயில். தென்னிந்திய இரயில்வேயின் திருச்சிராப்பள்ளி–மதுரைப் பாதை 1870களின் நடுவில் திண்டுக்கல் வழியாகப் போடப்பட்டது. அப்பாதையில் அம்மையநாயக்கனூர் நிலையம் 'கொடைக்கானல் ரோடு' என்ற பெயரைப் பெற்றது. அங்கிறங்கியோர் மாட்டுவண்டியில் வத்தலக்குண்டு வழியாக மலையடிவாரத்தை அடைந்து, பின் ஒற்றையடிப் பாதையில் மேலேறினர். 'லா சாலை' என்னும் மலைச்சாலை 1910களில் முழுமை பெறும்வரை இதுவே நிலை. மனிதரைச் சுமந்த பல்லக்கும் பொருளைச் சுமந்த தோள்களும் இன்றி அம்மலையில் எந்நிறுவனமும் எழுந்திருக்க முடியாது. 1912இல் புனேயின் மகாராசா தக்தசிங்ஜி வானாய்வகம் மூடப்பட்டபோது அதன் 20 அங்குலத் தொலைநோக்கி கொடைக்கானலுக்கு அனுப்பப்பட்டது. பவநகர் தொலைநோக்கி என வழங்கிய அது, இந்தியாவில் பல பத்தாண்டுகள் மிகப்பெரியதாக இருந்தது.

எவர்ஷெட், ராய்ட்சு, ஏ. எல். நாராயண், ஏ. கே. தாசு ஆகியோர் தலைமையில் வானாய்வகம் சூரியனிலேயே கருத்தூன்றியது. 1960இல் மனாலி கல்லட் வைணு பாப்பு இயக்குநராகப் பொறுப்பேற்றபோதுதான் விண்மீன்களுக்கு அங்கு உரிய இடம் கிட்டியது.

4. காற்று வீசும் விண்மீன்கள்

உல்ஃப்-ராயே விண்மீன்களின் கோடுகள் ஏன் அவ்வளவு அகன்றிருக்கின்றன என்ற வினாவிற்குக் கனடாவின் கார்லைல் பீல்சு 1929இல் விடை கூறினார். விண்மீனைச் சூழ்ந்த வளிமம் எல்லாத் திசைகளிலும் நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விரைவில் விரிகிறது. நம்மை நோக்கி வரும் பகுதியின் ஒளி நீலத்தின் பக்கமும், விலகிச் செல்லும் பகுதியின் ஒளி சிவப்பின் பக்கமும் பெயர்வதால் கோடு அகல்கிறது என்பது அவர் விளக்கம். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று கேம்பிரிட்சு சென்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், வெப்பமிகு விண்மீன்களிலிருந்து பொருள் வெளித்தள்ளப்படுகிறது என்னும் கருதுகோளை 1934இல் கணித முறையில் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்.

அப்பொருளை வெளித்தள்ளும் விசை எது? ஒளியே என்பது விடை. நிறமாலைக்கோட்டின் அலைநீளத்தில் ஒளியை ஏற்கும் அணு, அவ்வொளியின் உந்தத்தையும் பெறுகிறது. எட்வர்டு மில்ன் 1926இல் கண்ட நுட்பம் ஒன்று இங்குக் குறிப்பிடத்தக்கது. அணு வெளிநோக்கி நகரத் தொடங்கியதும் டாப்ளர் பெயர்ச்சியால் அதன் ஏற்பு அலைநீளம் மாறுகிறது. அதனால் அது கீழுள்ள அணுக்களின் நிழலிலிருந்து விலகிப் புதிய ஒளியைப் பெறுகிறது, மேலும் விரைவடைகிறது. 1967இல் ஏவூர்திகள் மூலம் ஒரியன் குழு விண்மீன்களின் புறஊதா நிறமாலைகள் கிடைத்தபோது, உல்ஃப்-ராயே வகையில் மட்டுமன்றி ஓ வகைப் பெருவிண்மீன்களிலும் இத்தகைய காற்று வீசுவது உறுதியாயிற்று. லூசி, சாலமன் ஆகியோர் 1970இலும், கேஸ்டர், ஆபட், கிளைன் ஆகியோர் 1975இலும் அக்காற்றின் இயக்கவியலை வகுத்தனர். சீட்டா பப்பிசின் காற்று நொடிக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவுடையது.

5. கொடைக்கானல், 1967: 78.5 நாள்கள்

ஆர்வர்டில் ஆய்வுப்பட்டம் பெற்றவரும், ஒலின் வில்சனுடன் இணைந்து 1957இல் வெளியிட்ட வில்சன்–பாப்பு விளைவால் உலகறியப்பட்டவருமான பாப்புவிற்கு உல்ஃப்-ராயே விண்மீன்கள் நீண்டகால ஆர்வம். கொடைக்கானல் வந்தபின் அவர் கே. எஸ். கணேசுடன் இணைந்து காமா-2 வேலோரத்தை ஆராய்ந்தார். அவ்வாய்வு 1967இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் வெளியீட்டுத் தொடரில் வந்தது.

அவ்விண்மீன் தனித்ததன்று, உல்ஃப்-ராயே விண்மீன் ஒன்றும் ஓ வகை விண்மீன் ஒன்றும் ஒன்றையொன்று சுற்றிவரும் இணை. தொலைநோக்கியில் அவை பிரிந்து தெரிவதில்லை. நிறமாலைக்கோடுகள் காலந்தோறும் நீலத்திற்கும் சிவப்பிற்கும் மாறி மாறி அசைவதைக் கொண்டே அவற்றின் இயக்கத்தை அறிய வேண்டும். உல்ஃப்-ராயே கோடுகள் மிக அகன்றவை. அவற்றின் நடுப்புள்ளியைத் துல்லியமாகக் குறிப்பது கடினம். பல இரவுகளின் பதிவுகளைச் சேர்த்து அளந்தாலன்றிச் சுற்றுக்காலம் தெளிவாகாது. கொடைக்கானல் ஆய்வு அதனை 78.5 நாள்கள் எனக் கண்டது. அர்சென்டீனாவின் விர்பி நியமேலாவும் ஓர்கே சகாதேயும் 1980இல் பாதையின் பிற கூறுகளைத் திருத்தினர். ஆயினும் 78.5 நாள் என்ற சுற்றுக்காலம் நிலைத்தது.

1971இல் புவனசு அயர்சு நகரில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் உல்ஃப்-ராயே விண்மீன்களையும் உயர்வெப்ப விண்மீன்களையும் பற்றிய கருத்தரங்கை நடத்தியது. அதன் தொகுப்பைப் பாப்புவும் சகாதேயும் பதிப்பித்தனர். ரெசுபிகியின் சென்னை நோக்கிற்குச் சரியாக நூறாண்டு கழிந்திருந்தது.

கொடைக்கானலின் இரவு வானத்திற்குக் குறைகளும் இருந்தன. மேகமும் மூடுபனியும் பல இரவுகளைப் பறித்தன. விண்மீன் ஆய்வுக்கு ஏற்ற வேறிடம் தேடிய பாப்பு, சவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தார். அங்கு 1960களின் இறுதியில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியும், 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் நிறுவப்பட்டன. 1971இல் கொடைக்கானல் வானாய்வகம் இந்திய வானியற்பியல் நிறுவனமாகத் தன்னாட்சி பெற்றது.

6. எதிர்பாராத எக்ஸ் கதிர்கள்

சூரியனின் எக்ஸ் கதிர்கள் 1940களின் இறுதியில் ஏவூர்திகளால் அறியப்பட்டன. சூரியனின் மேற்பகுதியில் வளிமம் கொதிநீர்போல் புரள்கிறது. அப்புரளலும் அதனால் எழும் காந்தப்புலமும் கரோனாவைச் சூடேற்றுகின்றன. வெப்பமிகு பெருவிண்மீன்களின் மேற்பகுதியிலோ அத்தகைய ஆழ்ந்த புரளல் அடுக்கு இல்லை. ஆகவே அவற்றிற்குக் கரோனா இராது. எக்ஸ் கதிரும் இராது என்று கருதுவதே இயல்பாக இருந்தது.

1978 நவம்பரில் ஏவப்பட்ட ஐன்ஸ்டைன் செயற்கைக்கோள் அடுத்த மாதமே இக்கருத்தை அசைத்தது. சிக்னசு எக்ஸ்-3 என்னும் மூலத்தை நோக்கியபோது, அதற்கு அருகிலுள்ள சிக்னசு ஓபி-2 கூட்டத்தின் பெருவிண்மீன்களும் எக்ஸ் கதிரில் ஒளிர்வது தெரிந்தது. தொடர்ந்த ஆய்வுகளில் ஓர் எளிய விதி வெளிப்பட்டது. ஓ வகை விண்மீனின் எக்ஸ் கதிர் ஆற்றல் அதன் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கு.

முதல் விளக்கம் சூரியனின் சாயலிலேயே அமைந்தது. விண்மீனின் மேற்பரப்பை ஒட்டி மெல்லிய கரோனா உண்டு என்று கேசினெல்லியும் ஓல்சனும் 1979இல் முன்மொழிந்தனர். இக்கருத்தைச் சோதிக்க வழி இருந்தது. கரோனா அடியில் இருக்குமாயின், மேலே வீசும் குளிர்ந்த காற்று குறைந்த ஆற்றலுடைய எக்ஸ் கதிர்களை விழுங்கிவிட வேண்டும். நோக்கில் அக்கதிர்கள் குறையவில்லை. எனவே எக்ஸ் கதிர் காற்றின் அடியில் பிறக்கவில்லை. காற்றின் உள்ளேயே பரவிப் பிறக்கிறது.

1980இல் லூசியும் வைட்டும் மாற்று விளக்கம் தந்தனர். மில்ன் கண்ட நுட்பமே இங்குத் திரும்பி வருகிறது. காற்றின் ஒரு சிறு பகுதி அண்டைப் பகுதியைவிடச் சற்றே விரைந்தால், அது நிழலிலிருந்து வெளிவந்து மிகுந்த ஒளியைப் பெறும், மேலும் விரையும். சிறு வேறுபாடு பெருவேறுபாடாக வளரும். விரைந்த பகுதி மெதுவான பகுதியில் மோதி அதிர்ச்சி அலையை எழுப்பும். நொடிக்கு 500 கிலோமீட்டர் விரைவு வேறுபாடு உடைய மோதல் வளிமத்தை ஏறத்தாழ 35 இலட்சம் பாகைக்குச் சூடேற்றும். அது எக்ஸ் கதிரை வெளியிடப் போதுமானது. 1988இல் ஓவோக்கி, கேஸ்டர், ரைபிக்கி ஆகியோர் கணினி வழியே இவ்வளர்ச்சியைக் காட்டினர். 1999இல் ஏவப்பட்ட சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்னும் இரு விண்கலங்களும் சீட்டா பப்பிசின் எக்ஸ் கதிர்க் கோடுகளைப் பிரித்துக் காட்டின. அக்கோடுகள் அகன்றும் நீலத்தின் பக்கம் சாய்ந்தும் இருந்தன. விண்மீனின் மறுபுறத்திலிருந்து வரும் கதிர்களைக் காற்றே மறைக்கிறது என்பது அதன் பொருள். சந்திரா என்ற பெயர் 1934 கட்டுரையை எழுதிய சந்திரசேகரின் நினைவாக இடப்பட்டது.

7. இரு காற்றுகள் மோதும் இடம்

காமா-2 வேலோரத்தில் நிலை இன்னும் சிக்கலானது. அதன் உல்ஃப்-ராயே விண்மீன் சூரியனைப்போல் சுமார் 9 மடங்கும், ஓ வகைத் துணை சுமார் 28 மடங்கும் நிறையுடையன. இரண்டிற்கும் இடைப்பட்ட சராசரித் தொலைவு பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட தொலைவைவிடச் சற்றே அதிகம். இரண்டிலிருந்தும் காற்று வீசுகிறது. இத்தகைய இணைகளில் இரு காற்றுகளும் நேருக்கு நேர் மோதிக் கோடிக்கணக்கான பாகை வெப்பமும் எக்ஸ் கதிரும் பிறக்கும் என்று 1976இல் பிரிலுத்ஸ்கியும் ஊசோவும் ஒருபுறமும், செரெபாசுக் மறுபுறமும் கணித்திருந்தனர்.

இக்கணிப்பைச் சோதிக்கச் சுற்றுப்பாதை தெரிந்திருக்க வேண்டும். மோதல் நிகழும் இடத்தைச் சூழ்ந்திருப்பது பெரும்பாலும் உல்ஃப்-ராயே விண்மீனின் அடர்ந்த காற்று. அது எக்ஸ் கதிரை மறைக்கும். ஓ வகை விண்மீன் நமக்கு முன்புறம் வரும் சில நாள்களில் மட்டும் அதன் அடர்த்தி குறைந்த காற்றின் வழியே மோதலிடம் தெரியும். அப்போது எக்ஸ் கதிர் மிகவேண்டும். எந்நாளில் எவ்விண்மீன் முன்னிற்கும் என்பதை 78.5 நாள் பாதையே கூறும். 1990இல் ஏவப்பட்ட ரோசாட் செயற்கைக்கோளின் பதிவுகளை ஆராய்ந்து வில்லிசு, சில்டு, சுட்டீவன்சு ஆகியோர் 1995இல் வெளியிட்ட முடிவு இதனை உறுதிசெய்தது. ஓ வகை விண்மீன் முன்னிற்கும் கட்டத்தில் ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிர் உயர்ந்தது. அடுத்த சுற்றிலும் அவ்வாறே உயர்ந்தது.

தரையில் நின்று கட்புல ஒளியில் அளந்த கோடுகளின் அசைவு, விண்ணிலிருந்து பெற்ற எக்ஸ் கதிரின் ஏற்ற இறக்கத்திற்கு நாட்காட்டியாயிற்று. நாட்காட்டி இல்லையெனில் அவ்வேற்ற இறக்கம் பொருளற்ற எண்களாகவே நின்றிருக்கும்.

8. உரிமையும் எல்லையும்

இச்சான்றுகளிலிருந்து பெறத்தக்க முடிவுகள் மூன்று.

முதலாவது, கொடைக்கானலில் எவரும் எக்ஸ் கதிரை அளக்கவில்லை. பெருவிண்மீன்கள் எக்ஸ் கதிர் வெளியிடும் என்று முன்னுரைத்ததாகவும் கூற இடமில்லை. கண்டுபிடிப்பு செயற்கைக்கோளினுடையது, அதிர்ச்சி அலை விளக்கம் பிற நாட்டு அறிஞருடையது.

இரண்டாவது, காமா-2 வேலோரத்தின் எக்ஸ் கதிர் வரலாற்றைக் கொடைக்கானலை விடுத்து எழுதினால் அது குறையுடையது. சுற்றுக்காலம் என்பது ஒரு துணைச்செய்தியன்று. மோதும் காற்றுக் கருதுகோளைச் சோதிக்கத்தக்கதாக்கிய நிபந்தனை அது.

மூன்றாவது, அப்பங்கு தற்செயலன்று. தென்வானம் தெரியும் அகலாங்கு, பஞ்சத்தின் பின்விளைவாக எழுந்த நிறுவனம், சமவெளி இரயில் பாதை, புனேயிலிருந்து வந்த தொலைநோக்கி, சூரியனுக்கென வளர்ந்த நிறமாலைத் திறன், 1960இல் வந்த ஓர் இயக்குநரின் ஆர்வம் ஆகிய யாவும் ஓரிடத்தில் கூடியமையின் விளைவு அது. இவற்றுள் பெரும்பாலானவை விண்மீன்களை எண்ணித் தொடங்கப்பட்டவை அல்ல. மழையை அறிய விரும்பிய அரசு சூரியனை நோக்கக் கட்டியது, பின்னாளில் மோதும் காற்றுகளின் நாட்காட்டியைத் தந்தது.

இத்தொடர்ச்சி அறுபடவும் இல்லை. 2015 செப்டம்பர் 28ஆம் நாள் சிறீஅரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆசுட்ரோசாட் விண்கலம் எக்ஸ் கதிரையும் புறஊதாவையும் ஒருசேர நோக்க வல்லது. அதன் புறஊதாத் தொலைநோக்கியை உருவாக்கும் பணிக்குத் தலைமையேற்றது கொடைக்கானல் வானாய்வகத்தின் வழித்தோன்றலாகிய இந்திய வானியற்பியல் நிறுவனமே.

முடிவுரை

1985இல் மதுரையிலிருந்து பிரிந்து உருவான திண்டுக்கல் மாவட்டம் பூட்டு, தோல் பதனிடுதல், மலைக்கோட்டை ஆகியவற்றால் அறியப்படுகிறது. கொடைக்கானல் சுற்றுலாவால் அறியப்படுகிறது. அம்மாவட்டத்தின் வரலாற்றில் 1967ஆம் ஆண்டின் 78.5 நாள் என்ற எண்ணிற்கும் ஓரிடம் உண்டு என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது. கொடைக்கானலின் நிறமாலைத் தட்டுகளும் இரவுப் பதிவேடுகளும் அவற்றைப் பேணிய உதவியாளர்களின் பணியும் தனி ஆய்வுக்கு உரியவை. அவ்வாய்வு தமிழில் நிகழுமாயின், தமிழக அறிவியல் வரலாறு தலைவர்களின் பெயர்ப்பட்டியலைக் கடந்து, அளவீடுகளின் வரலாறாகவும் உழைப்பின் வரலாறாகவும் விரியும்.